கானா கொடுக்கும் குடியுரிமை: உறவா, டாலரா?

நீங்கள் கேட்டது இது: "கானா நாடு கறுப்பின அமெரிக்கர்களுக்குக் குடியுரிமை கொடுக்கிறதாம். நானூறு வருஷம் கழித்துப் போகிறவர்களுக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? ஊர்க்காரர்கள் இவர்களை உறவாகப் பார்க்கிறார்களா, டாலராகப் பார்க்கிறார்களா?" இதில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. விட்டுப்போன ரத்த உறவைத் தேடிப் பிடிக்க முடியுமா என்பது ஒன்று. திரும்பிப் போகிறவர் அங்கே எந்த நிலையில் குடியேறுகிறார், அதற்கு ஏற்கெனவே இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஆவணங்களும் மரபணுவும் ஓரளவு பதில் சொல்லும். இரண்டாவதற்கு, முன்பே போய்ப் பார்த்தவர்களின் 200 ஆண்டு அனுபவம் இருக்கிறது. கானாவின் அறிவிப்பை இன்றைய செய்தியாக மட்டும் படிக்கிறவர்கள் அதைத்தான் தவறவிடுகிறார்கள். நான் கல்லூரியில் ஆப்பிரிக்க வரலாறு நடத்துகிறவன். மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரைதான் எனக்குப் பழக்கமான பகுதி, எனவே பெரும்பாலான உதாரணங்கள் அங்கிருந்தே வரும்.

உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1860கள் வரை அட்லாண்டிக் கடலில் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் ஏறக்குறைய 1.25 கோடி. உயிரோடு கரையிறங்கியவர்கள் சுமார் 1.07 கோடி. சுமார் 36,000 கப்பல் பயணங்களின் துறைமுகப் பதிவு, சரக்குக் கணக்கு, காப்பீட்டுத் தாள் எல்லாவற்றையும் பல பத்தாண்டுகள் உட்கார்ந்து கூட்டி எடுத்த எண் இது. சில லட்சம் முன்னே பின்னே நகரலாம், ஆனால் மொத்த அளவைப் பற்றி இன்று பெரிய சர்ச்சை இல்லை. பலரும் எதிர்பார்க்காதது ஒன்று உண்டு. இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நிலப்பகுதிக்கு நேராகக் கொண்டுவரப்பட்டவர்கள் நான்கு லட்சத்துக்கும் குறைவு. பிரேசிலுக்கு மட்டும் 48 லட்சத்துக்கு மேல். 'ஆப்பிரிக்கா திரும்புதல்' என்றதும் நம் கண்முன் வருவது அமெரிக்க முகம். எண்ணிக்கைப்படி அது பிரேசிலிய முகமாகவோ கரீபிய முகமாகவோ இருந்திருக்க வேண்டும்.

கப்பல்காரன் துறைமுகத்தை எழுதினான், தலைகளை எண்ணி எழுதினான், சில சமயம் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் எழுதினான். எந்த ஊர், யார் பிள்ளை என்று பெரும்பாலும் எழுதவில்லை. அமெரிக்காவில் அடிமைகளாக இருந்தவர்களைப் பெயர் சொல்லிப் பதிந்த முதல் பொதுக் கணக்கெடுப்பு 1870இல்தான் நடந்தது. அதற்கு முந்தைய கணக்குகளில் அவர்கள் எசமானின் பெயருக்குக் கீழே வயதும் பாலினமும் மட்டுமாக நின்றார்கள். ஆகவே அங்கே குடும்ப வரலாறு தேடுகிற எவரும் 1870ஐ எட்டியதும் சுவரில் முட்டிக்கொள்வது வழக்கம்.

அந்தச் சுவரைத் தாண்டத்தான் மரபணுச் சோதனை வந்தது. இங்கேதான் கவனம் வேண்டும். உங்கள் மூதாதையரில் பலர் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தோ மேற்கு மத்திய ஆப்பிரிக்காவிலிருந்தோ வந்தவர்கள் என்று அது சொன்னால் நம்பலாம். "நீங்கள் இன்ன இனக்குழு" என்று ஒரே பெயரைச் சான்றிதழில் அச்சிட்டுக் கொடுத்தால், அதைச் சந்தேகத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். தாய்வழிச் சோதனை அம்மாவின் அம்மாவின் அம்மா என்று ஒரே ஒரு கோட்டை மட்டும் பிடித்துப் போகும். பத்துத் தலைமுறைக்கு மேலே போனால் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள் உண்டு, அதில் ஒன்றே ஒன்றுதான் இந்தக் கோட்டில் கிடைக்கும். தவிர, ஒப்பிட்டுப் பார்ப்பது இன்று உயிரோடு இருப்பவர்களின் மாதிரிகளோடுதான். 300 ஆண்டுகளில் இனக்குழுக்கள் நகர்ந்திருக்கின்றன, கலந்திருக்கின்றன, சில புதிதாகவே உருவாகியிருக்கின்றன. எனவே பெரும்பாலானவர்களுக்குத் திரும்பிப் போக ஒரு கிராமம் கிடையாது. ஒரு கடற்கரை உண்டு, அவ்வளவுதான்.

அங்கே இருப்பவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னொரு சிக்கல். கானாவின் அசாந்தே மக்களிடம், ஒருவரின் பூர்வீகத்தை இன்னொருவர் வெளியே சொல்லக் கூடாது என்பது பழைய விதி. அதற்குக் காரணம் உண்டு. போரில் பிடித்து வந்தவர்களையும் விலைக்கு வாங்கியவர்களையும் குடும்பத்துக்குள்ளேயே சேர்த்துக்கொண்ட சமூகம் அது. யார் அசல் வாரிசு, யாருடைய பாட்டி வடக்கே சலாகா சந்தையில் வாங்கப்பட்டவள் என்று கிளறினால் சொத்தும் பதவியும் ஆட்டம் காணும். அதனால் மறப்பதைச் சட்டமாகவே வைத்தார்கள். அமெரிக்காவிலிருந்து வருகிறவர் நெஞ்சில் சுமந்து வருவதோ "நான் யார் வீட்டுப் பிள்ளை?" என்ற கேள்வி. அந்த மண்ணில் வாயைத் திறந்து கேட்கக் கூடாத கேள்வியும் அதுவே. கேட்டால் அடுத்ததாக "என்னை விற்றவர் யார்?" என்பதும் வரும். கடற்கரையில் ஐரோப்பியக் கோட்டைகள் இருந்தன, உண்மை. ஆனால் பிடித்துக் கொண்டுவந்து சேர்த்தது பெரும்பாலும் உள்நாட்டு அரசுகளும் வணிகர்களும்தான். பெனின் அதிபர் மத்தியூ கெரெக்கூ 1999இல் அமெரிக்காவில் ஒரு தேவாலயத்தில் இதற்காக மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். அவரைப் போல வெளிப்படையாகப் பேசிய தலைவர்கள் குறைவு.

அடிமைகளை அடைத்து வைத்திருந்த கானாவின் கேப் கோஸ்ட், எல்மினா கோட்டைகளில் இந்த இரண்டு நினைவுகளும் மோதியதை 1990களில் எல்லோரும் பார்த்தார்கள். வெளிநாட்டு உதவிப் பணத்தில் கோட்டைகளுக்கு வெள்ளையடித்து, விளக்குப் போட்டு, உணவகமும் வைத்தார்கள். அந்த ஊர்க்காரருக்கு அது சுற்றுலா, வேலை, எல்மினாவில் 1482இல் போர்ச்சுகீசியர் கட்டியதில் தொடங்கிப் பிறகு அரசு அலுவலகம், காவலர் பயிற்சிப் பள்ளி என்று பலவாக இருந்த பழைய கட்டடம். அங்கே குடியேறியிருந்த கறுப்பின அமெரிக்கர்களுக்கோ அது கல்லறை, கல்லறைக்கு யாராவது வண்ணம் பூசுவார்களா என்று கொதித்தார்கள். நுழைவுச் சீட்டு இன்னொரு காயம்: உள்ளூர்க்காரருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்குப் பல மடங்கு. முன்னோரைச் சங்கிலியில் இட்ட நிலவறையைப் பார்க்க வந்தவரிடம் வெளிநாட்டுக் கட்டணம் கேட்டால் எப்படி இருக்கும்? அவர் கோபமும் நியாயம்தான். கானாக்காரர் ஏன் அதைக் கவனிக்கவே இல்லை என்பதும் எனக்குப் புரிகிறது.

இனி இரண்டாவது கேள்வி. ஏற்கெனவே திரும்பிப் போனவர்களில் இரண்டு கூட்டத்தாரை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும். பிரேசிலின் பாயியா மாநிலத்தில் 1835இல் முஸ்லிம் ஆப்பிரிக்கர்கள் முன்னின்று நடத்திய கிளர்ச்சி ஒன்று எழுந்தது. அதை அடக்கிய பிறகு, விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர்களை நாட்டைவிட்டு அனுப்பத் தொடங்கினார்கள். தாமாகக் கிளம்பியவர்களும் உண்டு. லாகோஸ், போர்ட்டோ-நோவோ, விடா என்று மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரை நெடுகப் பிரேசில் குடியிருப்புகள் தோன்றின. இன்றைய கானாவின் தலைநகரான அக்ராவுக்கும் ஒரு சிறு கூட்டம் வந்தது, இன்று தாபோம் என்று அழைக்கப்படுகிறவர்கள். அந்த ஊரின் கா மக்களுடைய தலைவர் அவர்களை வரவேற்று நிலம் கொடுத்தார், ஓட்டுப்ளோஹும் என்ற பகுதியோடு அவர்கள் சேர்ந்துகொண்டார்கள். கிணறு வெட்டுவது, தையல், கட்டட வேலை என்று கையில் தொழில் இருந்தது. கா மொழி பேசினார்கள், கா குடும்பங்களில் பெண் கொடுத்தார்கள், எடுத்தார்கள். போர்ச்சுகீசிய மொழி மெல்லப் போய்விட்டது. டா சில்வா, நெல்சன் போன்ற பெயர்களும் தங்களுக்கென ஒரு தலைவர் பதவியும் மிஞ்சின. பழைய அக்ராவில் பிரேசில் வீடு இன்றும் நிற்கிறது. உலகக் குத்துச்சண்டை சாம்பியன் அசூமா நெல்சன் இந்த வம்சம்தான். 'வந்தேறி' என்று யாரும் அவரைச் சொன்னதில்லை, கானா அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது.

லைபீரியாவில் நடந்தது வேறு கதை. விடுதலை பெற்ற கறுப்பர்களை ஆப்பிரிக்காவில் குடியேற்ற 1816இல் வாஷிங்டனில் உருவான ஒரு சங்கத்தை நடத்தியவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். சிலருக்கு நல்ல எண்ணம். வேறு சிலருக்கு, விடுதலை பெற்ற கறுப்பர்கள் கண்ணில் படாமல் தொலைந்தால் போதும். 1821 கடைசியில் அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஒருவர், உள்ளூர்த் தலைவரின் தலைக்கு நேரே துப்பாக்கியை நீட்டி, சில நூறு டாலர் பெறுமான சாமான்களுக்கு லைபீரியக் கடற்கரையின் மெசுராடோ முனையை எழுதி வாங்கினார். தொடக்கமே அப்படி. அடுத்த இருபது ஆண்டுகளில் வந்திறங்கியவர்கள் 4,571 பேர். 1843 கணக்கெடுப்பில் உயிரோடு இருந்தவர்கள் 1,819 பேர். மலேரியா அவர்களை ஊர் திரும்பிய பிள்ளைகளாகப் பார்க்கவில்லை, தலைமுறைகள் கழிந்ததில் உடலின் எதிர்ப்புச் சக்தி போயிருந்தது. பிழைத்தவர்கள் 1847இல் சுதந்திரக் குடியரசு என்று அறிவித்தார்கள். முதல் அதிபர் ஜோசப் ஜென்கின்ஸ் ராபர்ட்ஸ் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பிறந்தவர்.

பிறகு அவர்கள் கட்டிய நாடு எப்படி இருந்தது? தூண் வைத்த தாழ்வாரத்தோடு அமெரிக்கத் தென்மாநிலப் பண்ணை வீடுகள். வெப்பமண்டல வெயிலில் நீண்ட கறுப்புக் கோட்டு. மக்கள்தொகையில் ஐந்து விழுக்காட்டை ஒட்டியே இருந்த ஒரு கூட்டம், ஒரே கட்சியை வைத்து 1878 முதல் 1980 வரை தொடர்ந்து ஆண்டது. உள்நாட்டு இனக்குழுக்களுக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை குடியுரிமை கிடையாது. உச்சம் 1930இல் வந்தது. உள்நாட்டு மக்களை ஆள்பிடித்து ஸ்பானியத் தீவான பெர்னாண்டோ போவின் தோட்டங்களுக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பியதை ஐ.நா.வுக்கு முன்னோடியான உலக நாடுகள் சங்கத்தின் விசாரணைக் குழு அம்பலப்படுத்தியது. அடிமைகளின் பேரப்பிள்ளைகள் நடத்திய அரசு அது! லைபீரிய அதிபர் சார்லஸ் கிங் பதவி விலகினார். 1980 ஏப்ரல் 12 இரவு சாமுவேல் டோ என்ற மாஸ்டர் சார்ஜெண்டின் தலைமையில் படைவீரர்கள் அதிபர் டால்பர்ட்டைக் கொன்றார்கள். பத்து நாள் கழித்து 13 அதிகாரிகளைக் கடற்கரையில் கம்பத்தில் கட்டிச் சுட்டார்கள். தொடர்ந்து வந்த உள்நாட்டுப் போர்கள் 2003 வரை ஓயவில்லை. அந்தப் போர்களுக்கெல்லாம் குடியேறிகளின் இந்த ஆட்சியே ஒரே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், டோவின் ஆட்சிக்கும் அதில் பெரிய பங்குண்டு. ஆனால் 1980ஐ எது கொண்டுவந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. (இன்னொரு விந்தை: நீக்ரோ வம்சாவளியினர் மட்டுமே குடிமக்கள் ஆகலாம் என்ற விதி லைபீரிய அரசியல் சட்டத்தில் இருக்கிறது. அங்கே தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் லெபனான்காரருக்கும் இந்தியருக்கும் குடியுரிமை இல்லை, நிலமும் வாங்க முடியாது.)

தாபோம் மக்களுக்கும் லைபீரியக் குடியேறிகளுக்கும் தோல் நிறம் ஒன்று, பட்ட துன்பம் ஏறக்குறைய ஒன்று. முன்னவர்கள் விருந்தாளிகளாக நிலம் பெற்றார்கள், பின்னவர்கள் ஆட்சியாளர்களாக எடுத்துக்கொண்டார்கள். ரத்த உறவு இரண்டு இடத்திலும் எதையும் தீர்மானிக்கவில்லை.

ஜமைக்காவில் தோன்றிய ராஸ்தபாரி சமய இயக்கத்தாரின் எத்தியோப்பியக் கதையையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். இத்தாலியப் படையெடுப்பின்போது துணைநின்ற கறுப்பின மக்களுக்காக எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசி 1948இல் சாசமனே என்ற ஊர் அருகே 500 ஏக்கர் கொடுத்தார், 60களில் ஜமைக்கர்கள் வரத் தொடங்கினார்கள். 1974இல் பேரரசர் கவிழ்ந்தார், அடுத்த ஆண்டே நிலமெல்லாம் அரசுடைமை, பெரும்பகுதி கைவிட்டுப்போனது. அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்குக்கூட வசிப்பு அட்டை கொடுப்பதாக அரசு அறிவித்தது 2017இல்தான். கொடுத்தவர் மன்னர். கொடுத்தது அந்த வட்டாரத்து ஒரோமோ மக்களிடம் கேட்டு அல்ல.

கானாவின் கதை அதன் முதல் தலைவர் நிக்ருமாவிடமிருந்து தொடங்குகிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் படித்தவர் அவர், கறுப்பின அமெரிக்கர்களோடு பழகி வளர்ந்தவர். 1957 மார்ச் 6 சுதந்திர விழாவுக்கு மார்ட்டின் லூதர் கிங் வந்திருந்தார். டிரினிடாட்டின் ஜார்ஜ் பேட்மோர் நிக்ருமாவின் ஆலோசகர். 93 வயதில் அக்ராவுக்குக் குடிபெயர்ந்த கறுப்பின அமெரிக்க அறிஞர் டு பாய்ஸ் 1963இல் அங்கேயே இறந்தார். கொடியின் நடுவே இருக்கும் கறுப்பு நட்சத்திரம், ஆப்பிரிக்காவில் ஒருநாளும் கால் வைக்காத ஜமைக்கர் மார்க்கஸ் கார்வியின் 'பிளாக் ஸ்டார் லைன்' கப்பல் நிறுவனத்திலிருந்து வந்தது. அன்று வந்தவர்கள் ஆசிரியர்கள், மருத்துவர்கள், எழுத்தாளர்கள். பிறந்த நாட்டில் வாக்குரிமைக்கே அடிவாங்கியவர்களுக்கு, கறுப்பர் ஆளும் ஒரு நாடு எப்படித் தோன்றியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆனால் அந்த உறவு ஒரு மனிதரையும் ஒரு கட்சியையும் நம்பி நின்றது. 1966 பிப்ரவரியில் நிக்ருமா கவிழ்ந்ததும் பலர் மூட்டை கட்டினார்கள்.

இப்போதைய அலை வேறு. 2000ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டம் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்குத் தங்கும் உரிமையைக் கொண்டுவந்தது. வர்ஜீனியாவில் 1619இல் முதல் ஆப்பிரிக்கர்கள் இறக்கப்பட்டதன் 400ஆம் ஆண்டை, 2019இல் 'திரும்பும் ஆண்டு' என்று அரசு கொண்டாடியது. அந்த நவம்பரில் 126 பேர் குடியுரிமை பெற்றார்கள், 2024 நவம்பரில் ஒரே விழாவில் 524 பேர். அதே கடற்கரையில் உள்ள பெனின், அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வாரிசுகளுக்கு 2024இல் தனிச் சட்டமே போட்டது. 2019இன் வருமானம் 190 கோடி டாலர் என்று கானா அமைச்சர் சொன்ன கணக்கை மட்டும் அப்படியே விழுங்க வேண்டாம். அந்த ஆண்டு வந்த எல்லாப் பயணிகளும் அடிமைகளின் வாரிசுகள் அல்லர். லண்டனிலிருந்து கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்த கானாக்காரரின் செலவையும் அதிலிருந்து பிரித்தெடுப்பது கடினம்.

டாலரைப் பற்றிக் கேட்டீர்கள். ஆம், அது உண்டு. அக்ராவின் நல்ல பகுதிகளில் வாடகையை டாலரில் சொல்கிறார்கள். ஆறு மாத முன்பணத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று 1963 சட்டம் சொல்கிறது, வீட்டுக்காரர்கள் இரண்டு வருடத்துக்கு மொத்தமாகக் கேட்பது ஊரறிந்த ரகசியம். அமெரிக்க ஓய்வூதியத்தில் வருகிறவர் அதைக் கட்டிவிடுகிறார், ஆசிரியர் வேலை பார்க்கும் உள்ளூர் இளைஞர் ஊருக்கு வெளியே போகிறார். நிலம் இதைவிடக் கூர்மையான விஷயம். கானாவில் பெரும்பகுதி நிலம் பாரம்பரியத் தலைவர்கள், குடும்பங்களின் பொறுப்பில் இருக்கிறது. அரசியல் சட்டப்படி வெளிநாட்டவர் அதிகபட்சம் 50 ஆண்டு குத்தகைதான் எடுக்கலாம், குடிமகன் ஆனால் அந்தத் தடை விலகுகிறது. கேப் கோஸ்ட் அருகே அசெபுவின் தலைவர், கடல் கடந்த வாரிசுகள் வீடு கட்டிக்கொள்ளச் சுமார் 5,000 ஏக்கர் ஒதுக்கினார். அழகான செய்கைதான். ஆனால் அந்த மண்ணில் பயிர் வைத்திருந்த குடும்பங்கள் எங்கள் நிலம் என்று நீதிமன்றம் போயின. வந்தவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை, தலைவர் கூப்பிட்டார் என்று நம்பி வந்தார்கள். மெசுராடோ முனையைப் பாடம் நடத்துகிறவனுக்கு அசெபு செய்தியைப் படித்தால் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: இரண்டாகவும் பார்க்கிறார்கள், பெரும்பாலும் ஒரே ஆளே ஒரே நாளில். அதில் முரண் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரரிடம் பணம் எதிர்பார்ப்பது அங்கே உறவின் ஒரு பகுதி, சொந்தப் பிள்ளையிடமும் அதையேதான் எதிர்பார்க்கிறார்கள்.

அந்தச் சொந்தப் பிள்ளைகளைச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. 1980களுக்குப் பிறகு விமானத்தில் போன கானா, நைஜீரிய, செனகல் நாட்டவர்களுக்கு ஊர் உண்டு, அம்மா உண்டு, பாதி கட்டிய வீடும் உண்டு. சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளுக்கு இவர்களைப் போன்றவர்கள் 2023இல் அனுப்பியது சுமார் 5,400 கோடி டாலர் என்பது உலக வங்கிக் கணக்கு. 200 டாலர் அனுப்பினால் ஏறக்குறைய 8 விழுக்காடு கட்டணமாகப் போகிறது, உலகிலேயே அதிகம் பிடுங்கப்படுவது அந்தத் திசையில்தான். கேப் வெர்டே தன் 72 நாடாளுமன்ற இடங்களில் ஆறைக் கடல் கடந்தவர்களுக்கென்று வைத்திருக்கிறது. கானாவும் வெளிநாட்டில் வாழும் தன் குடிமக்கள் வாக்களிக்க 2006இல் சட்டம் இயற்றியது. 2024 தேர்தல் வரை அது நடைமுறைக்கு வரவில்லை. அதே 2024இல் குடியுரிமை வாங்கிக்கொண்ட 524 பேர் கானாவில் வசித்தால் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். லண்டனிலிருந்து மாதாமாதம் கானாவின் குமாசி நகருக்குப் பணம் அனுப்பும் செவிலியர், ஓட்டுப் போட வேண்டுமென்றால் விமானச் சீட்டு எடுத்துக்கொண்டு வந்தாக வேண்டும்.